மூளைக்குச் செல்லும் இரத்த ஓடைகளும் அவற்றைக் காக்கும் கரங்களும்

(பங்கின் ஜூபிலி விழாவை ஒட்டி நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஜூபிலி விழாவில் பேசச் சொன்னபோது, "சிஸ்டர், உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார் நம் பங்குத் தந்தை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மூளை நரம்பு அறுவைப் பிரிவில் நர்ஸாக நின்றிருக்கிறேன். தலையில் கட்டுப் போட்டவர்களின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருந்து, மணிக்கொரு முறை கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, "உங்கள் பேர் என்ன? இது என்ன ஊர்?" என்று கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்த கை இது. ஆகவே, மூளையின் இரத்தக் குழாய்களைப் பற்றியும், அவற்றைச் சீர்செய்யும் மருத்துவர்களைப் பற்றியும், அவர்களிடம் ஒரு நோயாளியை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய நம்மைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் தண்டவாளத்தின் இரு திசைகள்

கடம்பத்தூர் ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் தண்டவாளம் இரு திசையிலும் நீள்கிறது. கிழக்கே போனால் சென்னை சென்ட்ரல். இறங்கிச் சாலையைக் கடந்தால் பொது மருத்துவமனை, பழைய தலைமுறை வாயில் "ஜி.எச்.", 2011-க்குப் பின் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. மேற்கே போய், அரக்கோணத்தில் வண்டி மாறினால் காட்பாடி; அங்கிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

இந்திய நாட்டில் மூளை அறுவைச் சிகிச்சை முறையாக வேரூன்றிய கதை இந்த ஒரே தண்டவாளத்தின் இரு திசைகளில்தான் தொடங்கியது என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். வேலூரில் 1949-ஆம் ஆண்டு. சென்னையில் 1950-ஆம் ஆண்டு. அதற்கு முன் இந்த நாட்டில் மூளைக்கென்று தனி அறுவைப் பிரிவே கிடையாது. பொது அறுவை மருத்துவர்கள் தலைக் காயங்களுக்கு இயன்றதைச் செய்தார்கள், அவ்வளவே.

வேலூரில் தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. 1910-இல் கோட்டயத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். பஹ்ரைன் நாட்டில் மிஷன் மருத்துவமனையில் ஊழியம் செய்தார். பின்பு கனடாவின் மான்ட்ரியால் நகரில், உலகப் புகழ் பெற்ற மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றார். அப்படிப்பட்டவருக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்திராதா? ஆனால் 1949-இல் வேலூருக்குத் திரும்பி, இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தோற்றுவித்தார். அத்தோடு நிற்காமல், நம் நாட்டுப் பிள்ளைகளே இக்கலையைக் கற்க அங்கேயே பயிற்சி வகுப்பையும் ஏற்படுத்தினார். 1964-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2007-இல் தொண்ணூற்றேழாம் வயதில் காலமானார்.

சென்னையில் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. 1922 ஜனவரி 30-இல் சீர்காழியில் பிறந்தவர். இவரும் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவரே. 1947-இல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்று, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மூளை அறுவை பயின்று, 1950-இல் தாயகம் திரும்பி ஜி.எச்.-இல் இத்துறையைத் தொடங்கினார். தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் வைத்த பெயர் "அப்ஹில் ஆல் த வே". வழி நெடுக மேடு என்று பொருள் கொள்ளலாம். அந்தத் தலைப்பே அவர் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறது அன்றோ? 1951-இல் ஜேக்கப் சாண்டி, ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினார்கள். ஒரு நாட்டின் நரம்பியல் முழுவதற்கும் அன்று நான்கு பேர் கூடிக் கால்கோள் செய்தார்கள். இன்று அக்கழகத்தின் உறுப்பினர்கள் நாடெங்கும் பரவியிருக்கிறார்கள். டாக்டர் ராமமூர்த்தி 1973-இல் பத்மபூஷண் பெற்றார். டாக்டர் பி.என். டாண்டனுடன் சேர்ந்து அவர் தொகுத்த நரம்பு அறுவைப் பாடநூல் 1980-இல் வெளிவந்தது. 2003 டிசம்பரில் அவர் மறைந்தார்.

நம் பெண்பிள்ளைகளுக்காக இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். டாக்டர் டி.எஸ். கனகா. 1932-இல் சென்னையில் பிறந்தவர். "பெண்ணுக்கு எதற்கு மூளை அறுவை?" என்று உலகமே கேட்ட காலத்தில், 1968-இல் இத்துறையில் உயர் பட்டம் பெற்று, ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர் என்று போற்றப்பட்டவர். அவர் தம் வாழ்நாளில் நூறு முறைக்கு மேல் இரத்த தானம் செய்தவர். அறுவை செய்வதற்குக் கத்தியும் கொடுத்தார்; இரத்தமும் கொடுத்தார். 2018-இல் காலமானார்.

மூளையின் நீர்ப்பாசனம்

இனி விஷயத்துக்கு வருவோம். மூளையின் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் மூச்சில் வாங்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே செலவழிக்கிறது. சேமித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு இல்லை. அன்றாடம் காய்ச்சிக் குடிக்கிற ஏழை வீட்டைப் போல, நிமிடத்துக்கு நிமிடம் இரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். சில நிமிடம் முற்றிலும் நின்றால் அந்தப் பகுதி சாகத் தொடங்கிவிடும்.

இந்த இரத்தத்தை நான்கு குழாய்கள் கொண்டுசெல்கின்றன. கழுத்தின் முன்பக்கம் இரண்டு. கழுத்தெலும்பின் வழியாகப் பின்பக்கம் இரண்டு. நான்கும் மூளையின் அடிப்புறத்தில் ஒரு வளையமாக ஒன்று சேர்கின்றன. 1664-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இதை விளக்கி எழுதியதால் "வில்லிஸ் வளையம்" என்று அதற்குப் பெயர். ஒரு வாய்க்கால் அடைபட்டாலும் மற்றொன்றிலிருந்து தண்ணீர் திரும்பும்படி படைத்தவர் அமைத்திருக்கிறார்.

நம் பகுதி மக்களுக்கு நீர்ப்பாசனத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் கேசவரம் அணைக்கட்டில் பிரிந்து கூவத்துக்குப் போவது நமக்குத் தெரியும். ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் தண்ணீரின் வேகம் எங்கே மோதும்? பிரிகிற முனையில்தானே! இரத்தக் குழாயும் அப்படியே. அது கிளை பிரியும் முனையில் இரத்தத்தின் வேகம் ஓயாமல் மோதுகிறது. அங்கே குழாயின் சுவர் பலவீனமாக இருந்தால், சைக்கிள் டியூபில் நைந்த இடம் உப்பிக்கொள்வது போல, சிறு கொப்புளமாக உப்பிக்கொள்ளும். இதற்கு "அனியூரிசம்" என்று பெயர். மொச்சைக் கொட்டை அளவு இருக்கலாம், மிளகளவும் இருக்கலாம். பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கக்கூடும் என்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. எந்தத் தொல்லையும் தராமல் முழு ஆயுளும் வாழ்ந்துவிடுவார்கள்.

ஆனால் சிலருக்கு அந்தக் கொப்புளம் உடைகிறது. ஏரிக்கரை உடைந்தது போல இரத்தம் மூளையைச் சுற்றிப் பரவுகிறது. அப்போது வரும் தலைவலி சாதாரணத் தலைவலி அன்று. என் வார்டில் பிழைத்தெழுந்தவர்களைக் கேட்டிருக்கிறேன். "பின்மண்டையில் யாரோ உலக்கையால் அடித்தது போல இருந்தது", "என் பிறப்பில் இப்படி ஒரு வலி வந்ததே இல்லை" என்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும். வாந்தி வரும், கழுத்து விறைக்கும், வெளிச்சம் கூசும், சிலர் அங்கேயே மயங்கி விழுவார்கள். இதில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் பிழைப்பதில்லை. உடைந்த இடம் தற்காலிகமாக அடைத்துக்கொண்டாலும், மறுபடி உடையும் ஆபத்து முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாம் முறை உடைவது பெரும்பாலும் முதல் முறையை விடக் கொடியது.

மூளைக் குழாய் நோயில் இன்னொரு வகை, அடைப்பு. இது உடைப்பை விடப் பல மடங்கு அதிகம். நாம் "வாதம் அடித்துவிட்டது" என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். இரத்தக் கட்டி ஒன்று வாய்க்காலில் வந்து அடைத்துக்கொள்ள, அதற்குக் கீழே உள்ள வயல் காய்கிறது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கையளவு இடத்தில் ஒரு கலை

இந்த உடைப்பை மனிதன் எப்படி அடைக்கக் கற்றுக்கொண்டான்? முதலில் குழாயைக் கண்ணால் பார்க்க வேண்டும். 1927-இல் போர்ச்சுகல் நாட்டு எகாஸ் மோனிஸ் என்பவர் கழுத்துக் குழாயில் சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, உயிரோடிருக்கும் மனிதனின் மூளைக் குழாய்களை முதன்முதலாகப் படத்தில் காட்டினார். அதுவே "ஆஞ்சியோகிராம்". பத்து ஆண்டு கழித்து, 1937 மார்ச் மாதம், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர் டாண்டி என்பவர் அனியூரிசத்தின் கழுத்தில் சிறிய வெள்ளிக் கிளிப்பை மாட்டி அதை அடைத்தார். அந்த நோயாளி பிழைத்தார். நம் நாட்டில் வேலூரிலும் சென்னையிலும் இத்துறை தொடங்கியபோது, அந்த அறுவை பிறந்து பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

அன்று சி.டி. ஸ்கேன் கிடையாது. அது இங்கிலாந்தில் 1971-இல்தான் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. ஆகவே அந்தக் காலத்து மருத்துவர், சுத்தியலால் முழங்காலைத் தட்டியும், கண்ணின் பாவையை விளக்கால் பார்த்தும், எந்தக் கை பலவீனம், எந்தச் சொல் குழறுகிறது என்று பொறுமையாக விசாரித்தும், நோய் மூளையின் எந்த மூலையில் இருக்கிறது என்று தம் அறிவாலேயே கணிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகே சாயமருந்து, எக்ஸ்ரே, அறுவை. அப்படிப் பழகியவர்களிடம் படித்தவர்கள், இன்றும் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்கள்.

அடுத்த பெரும் மாற்றம் மைக்ராஸ்கோப். துருக்கியில் பிறந்து சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பணியாற்றிய காசி யாசர்கில், 1967 முதல் அறுவை மேசையில் உருப்பெருக்கியை வைத்து மூளைக் குழாய்களைச் சீர்செய்யும் முறையை வளர்த்தார். தலைமுடியை விட மெல்லிய நூலால், நெற்றிப் பொட்டுத் தோலில் ஓடும் குழாயை எடுத்து மூளைக் குழாயோடு அவர் தைத்தார்.

கிளிப் அறுவை எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மயக்க மருந்து கொடுத்த பின் தலையை அசையாதபடி பொருத்துவார்கள். மண்டையோட்டில் சிறு கதவு போல ஓர் எலும்புத் துண்டை எடுத்து வைத்துவிட்டு, உறையைத் திறந்து, மூளையை வெட்டாமல், அதன் இரு மடிப்புகளுக்கு இடையே இயற்கையாக இருக்கும் இடுக்கை விரித்துக்கொண்டே உள்ளே போவார்கள். அறையில் மானிட்டர் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. கடைசியில் அந்தக் கொப்புளம் துடித்துக்கொண்டிருப்பது தெரியும். தேவைப்பட்டால் பெரிய குழாயைச் சில நிமிடங்களுக்கு மட்டும் தற்காலிகக் கிளிப்பால் நிறுத்துவார்கள். அப்போது நர்ஸ் நிமிடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். "டாக்டர், இரண்டு நிமிடம்... மூன்று நிமிடம்." அந்த நேரத்துக்குள் கொப்புளத்தின் கழுத்தைச் சுற்றியுள்ள நுண்ணிய கிளைகளை ஒதுக்கி, கிளிப்பைப் பொருத்த வேண்டும். கூந்தலிழை போன்ற ஒரு கிளையைச் சேர்த்துப் பிடித்துவிட்டால் நோயாளி எழுந்து நடக்கமாட்டார், பேசமாட்டார். பிறகு எலும்புக் கதவைத் திரும்ப வைத்துப் பொருத்திவிடுவார்கள்.

இன்னொரு வழி, தலையைத் திறக்காத வழி. இத்தாலியரான கூலியெல்மி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸில் 1990-வாக்கில் உருவாக்கியது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள குழாய் வழியாக நீண்ட மெல்லிய டியூபை எக்ஸ்ரே பார்த்தபடியே மூளை வரை கொண்டுபோய், கொப்புளத்துக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பிவிடுவார்கள். உள்ளே இரத்தம் உறைந்து, கொப்புளம் அடைபடும். 2002-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், உடைந்த அனியூரிசத்துக்கு இரு முறையும் பொருந்தக்கூடிய 2,143 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில், இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் சுருள் வைத்தவர்களில் குறைவாக இருந்தார்கள். ஆனால் எல்லாக் கொப்புளத்துக்கும் சுருள் பொருந்தாது. கழுத்து அகன்றதற்கும், பக்கத்தில் பெரிய இரத்தக்கட்டு இருப்பதற்கும் கிளிப்பே உகந்ததாக இருக்கலாம். ஆகவே நல்ல மருத்துவர் என்பவர் எந்தக் கருவியைக் கையாளத் தெரிந்தவர் என்பதை விட, எந்த நோயாளிக்கு எதைச் செய்வது, யாருக்கு எதையுமே செய்யாமல் கண்காணிப்பது என்று முடிவெடுக்கத் தெரிந்தவர். இந்த வித்தையில் பாதி கையில் இருக்கிறது. பாதி நிதானத்தில் இருக்கிறது.

அறுவை முடிந்தவுடன் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. உடைந்து நான்காம் நாள் முதல் இரண்டு வாரம் வரை, வெளியே சிந்திய இரத்தத்தின் எரிச்சலால் மற்றக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளக்கூடும். அந்நாட்களில்தான் நாங்கள் மணிக்கொரு முறை பெயரைக் கேட்டுக்கொண்டே இருப்போம். நேற்றுப் பெயர் சொன்னவர் இன்று தயங்கினால் உடனே டாக்டரை எழுப்புவோம். "இந்தச் சிஸ்டர் தூங்கவே விடமாட்டேன் என்கிறார்" என்று நோயாளிகள் கோபிப்பார்கள். கோபிக்கிற அளவுக்குத் தெளிவு இருக்கிறதே என்று நாங்கள் மகிழ்வோம்.

எண்ணப்படாதவர்கள்

இப்போது என் மனத்தில் நெடுநாளாக உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். 1969-இல் டாக்டர் ராமமூர்த்தி வெளிநாட்டு மருத்துவ இதழொன்றில், அனியூரிசம் நோய் மேலை நாடுகளில் காண்பதை விட இந்தியாவில் குறைவாகவே காணப்படுகிறது என்று எழுதினார். அது அவர் கண்ட கணக்கு. ஸ்கேன் வசதி பெருகிய பிற்காலத்தில் நம் நாட்டிலும் ஏராளமானவர்களுக்கு இது கண்டறியப்பட்டு வருகிறது. என் போன்ற சாதாரண நர்ஸுக்கு அந்தப் பழைய கணக்கைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு. மருத்துவமனை வந்து சேர்ந்தவர்களைத்தானே எண்ண முடியும்? வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தபோது "ஐயோ தலை" என்று உட்கார்ந்து, மாலைக்குள் முடிந்துபோன அம்மாவை யார் எண்ணியது? செங்கல் சூளையில் சாய்ந்து விழுந்தவரை "வெயில் தாங்கவில்லை" என்று சொல்லி அடக்கம் செய்தோமே, அவரை யார் எண்ணியது? பேய் அடித்தது, காத்து கருப்பு என்று சொல்லி முடித்த மரணங்கள் நம் ஊர்களில் எத்தனை? அவர்களில் எத்தனை பேர் மூளைக் குழாய் உடைந்தவர்களோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

ஜேக்கப் சாண்டியும் ராமமூர்த்தியும் கனகா அம்மையாரும் நம் தண்டவாளத்தின் இரு பக்கமும் அறுவை மேசையை ஆயத்தம் செய்துவிட்டுப் போனார்கள். மேசை வரைக்கும் நோயாளியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதில்தான் நாம் தோற்கிறோம். எங்கே தோற்கிறோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். யாரும் வருந்த வேண்டாம்.

முதலாவது, கை கால் விழுந்தவுடன் புறா இரத்தம் தடவுவது, கையில் இரும்புச் சாவி கொடுப்பது. இவற்றால் இரத்தக்கட்டி கரையாது; நேரம்தான் கரையும். கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 2015-க்குப் பின், பெரிய குழாயில் அடைத்த கட்டியை டியூப் வழியாக வெளியே இழுத்தெடுக்கும் முறையும் நிலைபெற்றுவிட்டது. ஸ்கேனில் பொருத்தமாகத் தெரிந்தால் சிலருக்கு இருபத்துநான்கு மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள். ஆனாலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இரண்டாவது, மயங்கியவருக்குக் காபியோ சோடாவோ ஊற்றுவது. விழுங்கும் சக்தி இல்லாதவருக்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். ஒரு சொட்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

மூன்றாவது, "விடியட்டும் பார்க்கலாம்" என்பது. ஜெபமாலை சொல்லுங்கள்; வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள். நம் மாநிலத்தில் 2008 முதல் அந்த வண்டி ஓடுகிறது, காசு கிடையாது. வண்டியில் வருபவரிடம் "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது" என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். திருவள்ளூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே கொண்டுபோவது என்று அலைபாயாமல், முதலில் ஸ்கேன் உள்ள இடத்துக்குப் போகச் சொல்லிக் கேளுங்கள்.

அடையாளம் நினைவில் இருக்க நான்கு சொற்கள் சொல்கிறேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முகம், கை, பேச்சு, நேரம். சிரிக்கச் சொன்னால் முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கையையும் தூக்கச் சொன்னால் ஒரு கை கீழே விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். இத்துடன், பிறந்ததிலிருந்து வராத தலைவலி திடீரென்று இடிபோல வந்தால், அதுவும் இதே அவசரம்தான்.

நான்காவது, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுவது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தோல்வி. கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் ஷிப்டுக்குப் போகும் நம் பிள்ளைகள் முப்பத்தைந்து நாற்பது வயதிலேயே இரத்தக் கொதிப்பு உள்ளவர்களாக இருக்கிறார்கள். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு மாத்திரை?" என்கிறார்கள். கொதிப்பு ஒன்றும் செய்யாது; செய்கிற அன்று ஒரேயடியாகச் செய்துவிடும். அத்தோடு பீடி சிகரெட்டும் சேர்ந்தால், குழாயின் சுவரை உள்ளிருந்தே அரிக்கிறது என்று அர்த்தம். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை என்ற சாக்கும் இனிச் செல்லாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் வேளை

ஒரு நாள் நள்ளிரவில் உங்களில் ஒருவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "அறுவைக்குச் சம்மதமா?" என்று கேட்கக்கூடும். அந்த வேளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து மாமா வரட்டும், அண்ணன் வரட்டும் என்று வராந்தாவில் விடிய விடிய நின்றதைப் பார்த்திருக்கிறேன். "தலையைத் திறந்தால் பிழைக்கமாட்டார்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. மொட்டை அடிக்கத் தலைமயிரில் கத்தி வைக்கும்போது வெளியே நிற்கும் தாய் அழும் அழுகை இன்னமும் என் காதில் இருக்கிறது.

நான் "உடனே கையெழுத்துப் போடுங்கள்" என்றும் சொல்லமாட்டேன். "போடாதீர்கள்" என்றும் சொல்லமாட்டேன். நான்கு கேள்விகளைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? செய்தால் என்ன ஆபத்து? தலையைத் திறக்காமல் செய்ய வழி உண்டா? பிழைத்தால் எந்த நிலையில் பிழைப்பார்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். நின்று பதில் சொல்வார். சில வேளைகளில் "இனி அறுவையால் பயனில்லை" என்று அவரே சொல்வார். அதைச் சொல்வதற்கும் அறுவை செய்வதைப் போலவே துணிவு வேண்டும். அந்தச் சொல்லையும் மதியுங்கள். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்ட பின் முடிவைத் தள்ளிப் போடாதீர்கள். அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். நள்ளிரவில் பெட்டியைக் கவிழ்த்துத் தேடும்படி வைக்காதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு

மாணவர்களே, நீங்களும் இந்த மருத்துவர்களைப் போல ஆகலாம். வழி நீளம்தான். எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. அதன் பின் எம்.எஸ். மூன்று, எம்.சிஎச். மூன்று, அல்லது நேரடியாக ஆறு ஆண்டு எம்.சிஎச். மூளைக் குழாயில் தனித் தேர்ச்சி வேண்டுமானால் அதற்கு மேலும் ஓரிரு ஆண்டு. பள்ளி முடித்த பிறகு பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாது. ஆனால் 2020 முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நம் ஊர் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறது என்பதைப் பெற்றோர்கள் மறந்துவிடலாகாது. டாக்டர் ஆக முடியாவிட்டால் நர்ஸ் ஆகுங்கள். எக்ஸ்ரே எடுப்பவர், மயக்க மருந்து உதவியாளர், வாதம் வந்தவரை மறுபடி நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட், இவர்கள் எல்லோரும் அந்த மேசையைச் சுற்றி நிற்பவர்களே.

பிழைத்து வீடு திரும்பியவர்களை மறந்துவிடாதீர்கள். ஒரு கை விளங்காமல், பேச்சு தடுமாறித் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். பேச்சு வரவில்லை என்பதால் அறிவு போய்விட்டது என்று எண்ணாதீர்கள். பல வேளைகளில் அவருக்குப் புரியும், சொல்லத்தான் வராது. திருப்பலி முடிந்து போகும் வழியில் இரண்டு நிமிடம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பெயரைக் கேளுங்கள். அவர் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருங்கள்.

இந்த ஜூபிலி ஆண்டில் நம் பங்கு மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், ஆலய முன்றிலில் ஒரு நாற்காலியும் பிரஷர் பார்க்கும் கருவியும் போடுவோம். நான் வந்து உட்காருகிறேன். இந்தக் கை இன்னும் நடுங்கத் தொடங்கவில்லை. யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். அடுத்த ஆண்டு விழாவில் அந்த நோட்டைத் திறந்து, எத்தனை பேர் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார்கள் என்று நாமே எண்ணிப் பார்ப்போம்.